முதல் வரியில் தண்ணீர்

ஜன்னலோரம் உங்களுக்கு வேண்டுமா சார்? வேண்டாமா? சரி, நானே உட்கார்ந்துகொள்கிறேன். ராஜபாளையமா? நானும் அங்கேதான். கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள், தப்பாக நினைக்காதீர்கள், நான் குளித்து மூன்று நாளாகிறது. எங்கள் நகரில் தண்ணீர் இல்லை. காரணம் நான்தான்.

ஐயோ, குழாயை ஒன்றும் உடைக்கவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான். நான் எழுதவில்லை, அதனால் தண்ணீர் வரவில்லை.

நீங்கள் ஒரு மாதிரிப் பார்ப்பது தெரிகிறது. வேறு யாராக இருந்தாலும் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். ஸ்டாண்டில் பஸ் நின்றபோது உங்கள் போனை எட்டிப் பார்த்துவிட்டேன். ‘வலைப்பூ தொடங்குவது எப்படி’ என்று தேடிக்கொண்டிருந்தீர்கள். எட்டிப் பார்த்தது தப்புதான். பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு வருவது அதைவிடத் தப்பு. ஒன்றரை மணி நேரப் பயணம். நானும் ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது, நானும் கற்றுக்குட்டிதான். ஆனால் அரசாங்கமே படிக்கிற கற்றுக்குட்டி.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தேன், பிறகு எல்லாம் இங்கிலீஷ். இருபத்தோரு வருஷம் மஸ்கட்டில் இருந்தேன். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலை. அதில் பதிவேடு எழுதுவது என் வேலை. காலையில் போய் உட்கார்ந்ததும் முதல் வரி: நேரம், தண்ணீர் வரத்து, அழுத்தம். அதற்குப் பிறகுதான் மற்றது எல்லாம். இருபத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட வேறு மாதிரி ஆரம்பித்ததில்லை. அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. கடுதாசி எழுதினாலும் அப்படித்தான் வரும். மகள் பிறந்தபோது மஸ்கட்டிலிருந்து செண்பகத்துக்கு எழுதின கடிதமே, ‘காலை 7.20, வரத்து சீராக உள்ளது, குழந்தை நலமா’ என்றுதான் ஆரம்பிக்கும். அதை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். எதற்கு என்று தெரியவில்லை.

செண்பகம் என் மனைவி. செண்பகவல்லி. இப்போது அவளைக் கூட்டி வரத்தான் போகிறேன். அதற்கு வருகிறேன், இருங்கள்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. மனசுக்குள் அவ்வளவு இருக்கிறது. பேசலாம் என்றால் நான் பேசுகிற ஆளே இல்லை. ‘நான் ஏன் பேசுவதில்லை’ என்று ஒரு பதிவே போட்டிருக்கிறேன், மூன்று பாகம். அப்போது மகள்தான் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து சொன்னாள், “அப்பா, நீ பிளாக் ஆரம்பி. அம்மா காதுக்கு ரெஸ்ட் கிடைக்கும்” என்று. அவள் போனில் சொல்லச் சொல்ல செண்பகம்தான் எல்லாவற்றையும் தட்டித் திறந்தாள். எனக்கு அப்போது இங்கத்து நம்பர் கிடையாது. அதனால் அவள் நம்பரில்தான் கணக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் உரிமையாளர் செண்பகவல்லி என்றுதான் இருக்கும். கேஸ் இணைப்பு அவள் பேரில் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. பெயர் நான் வைத்தேன்: ‘உப்பு நீக்கிய சொற்கள்.’

எப்படி இருக்கிறது? ... ம். யோசித்துச் சொல்லுங்கள்.

தினம் ஒரு பதிவு. காலையில் எட்டு மணிக்கு உட்காருவேன். முதல் வரி பழக்கப்படி வந்துவிடும்: ‘காலை 5.50. தண்ணீர் வந்தது. அழுத்தம் குறைவு.’ பிறகு விஷயத்துக்குப் போவேன். நிலையாமை. காத்திருத்தல். மனிதன் ஏன் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் இழுத்துப் பார்க்கிறான். பத்துப் பதினைந்து பத்தி. தண்ணீர் வந்த நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அந்த நேரத்துக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன். செண்பகம்தான் எழுந்து பிடிப்பாள். நான் பேனாவை... பேனா என்ன, போனை எடுத்ததும் சமையல்கட்டைப் பார்த்து, “எப்ப வந்துச்சு?” என்பேன். “அஞ்சு அம்பது” என்பாள். “அழுத்தம்?” என்பேன். “மூத்திரம் மாதிரி வந்துச்சு” என்பாள். அதை நான் இலக்கியமாக்குவேன்.

முதல் நாற்பது நாளும் வாசகர் ஒருவர்தான். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று ஒரு பக்கம் காட்டும். தினமும் ‘1’. தினமும் மத்தியானம் இரண்டரை மணிக்கு. இந்தியா. அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஆனால் சார், அந்த ஒன்று இருக்கிறதே! நான் அவரைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறேன் தெரியுமா? கண்டிப்பாகத் தத்துவப் பேராசிரியர். மத்தியானம் வகுப்பு முடிந்து, சாப்பிட்டுவிட்டு, விரலில் வாழைப்பழ வாசனையோடு வந்து உட்காருகிறார். கண்ணாடி போடுகிறார். வாசிக்கிறார். அந்த நேரத்தில் நான் ஹாலில் அசையாமல் உட்கார்ந்திருப்பேன், அவருக்கு இடைஞ்சல் இல்லாமல். செண்பகம் சாப்பிட்டுவிட்டு உள்ளே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பாள், அவள் சீரியல் நேரம் அது. சில சமயம் சிரிப்பாள். “சத்தத்தைக் குறை, இங்கே ஒருத்தர் படிச்சிக்கிட்டிருக்கார்” என்பேன். “சத்தமே வைக்கலையே” என்பாள்.

நீங்கள் ஏன் இருமுகிறீர்கள்? ஜன்னலைச் சாத்தட்டுமா?

நாற்பத்தோராவது நாள் என்ன நடந்தது தெரியுமா? பதினான்கு பேர். மறுநாள் அறுபது. அடுத்த வாரம் முந்நூறைத் தாண்டிவிட்டது. எதிர்த்த வீட்டு ஜெபக்கனி டீச்சர்தான் ஆரம்பித்து வைத்தது. ரிட்டயர் ஆனவர், தெருவில் எல்லோருக்கும் எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார். என் பதிவையும் அனுப்பிவிட்டார். எங்கள் அன்னம் நகரில் ஐந்து தெரு, நானூறு வீடு. நானூறு வீட்டில் முந்நூறு வீடு தத்துவம் படிக்கிறது என்றால் சும்மாவா? வெளிநாட்டில்கூட நான் பார்த்ததில்லை.

பின்னூட்டங்களைப் பார்க்கவேண்டும் நீங்கள். ‘நன்றி அண்ணே.’ ‘மிக்க நன்றி சார், நேற்றைய பதிவைப் பார்த்துத்தான் இன்று சரியான நேரத்துக்கு எழுந்தேன்.’ ‘நீங்கள் மட்டும் இல்லையென்றால் என் மாமியாரிடம் நான் என்ன பாடு பட்டிருப்பேன்.’ ஒரு எழுத்தாளனுக்கு வேறு என்ன வேண்டும்? ஒருவர், ‘இரண்டாவது மாடிக்கு ஏறுமா?’ என்று கேட்டிருந்தார். என்ன ஒரு கேள்வி பாருங்கள். சிந்தனையின் தளங்களைப் பற்றிக் கேட்கிறார். அவருக்கு மூன்று பக்கம் பதில் எழுதினேன். எந்தச் சிந்தனையும் முதலில் தரைத்தளத்தில்தான் நிரம்பும், பொறுமை இருந்தால் மேலே ஏறும் என்று. அவர் ‘சரி, வாளியில் தூக்கிக்கொள்கிறேன்’ என்று முடித்துவிட்டார். அடக்கமான மனுஷன்.

ஒரு புள்ளிவிவரம் மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் படிக்கிறார் என்று காட்டும். நான்கு விநாடி. பதினைந்து பத்தியை நான்கு விநாடியில்! நம்ம ஆட்கள் எவ்வளவு வேகமாகப் படிக்கிறார்கள் என்று எனக்கு மலைப்பாகிவிட்டது. அந்த மத்தியான ஆள் கணக்கு மட்டும் பதினெட்டு நிமிஷம் காட்டும். கருவிக்கோளாறு என்று விட்டுவிட்டேன். ஆலையிலும் ஒரு மீட்டர் அப்படித்தான், எப்போதும் கூடுதலாகக் காட்டும்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை சார். முந்நூறு பேர் வருகிறார்கள், சரி. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கடைசி வரைக்கும் வருகிறாரா? நீங்கள் எழுத ஆரம்பித்தால் உங்களுக்கும் இந்த அரிப்பு வரும். எழுதுவதற்குக் கூலி அதுதான். கூட்டம் இல்லை. கடைசி வரியில் நாம் நின்றுகொண்டிருக்கும்போது அங்கே இன்னொருவரும் வந்து நிற்கவேண்டும். இல்லையென்றால் கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் வாங்கித் தெளித்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போகிறவர்களுக்காகப் பந்தி போட்ட மாதிரி.

அதனால் ஒரு சோதனை வைத்தேன். எண்பத்தேழாவது பதிவு. கடைசிப் பத்தியில், கடைசி வாக்கியமாக, இப்படி எழுதினேன்: ‘இந்த இடம் வரை படித்து வந்தவர் யாராக இருந்தாலும், இன்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம்.’

நாலரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டேன். எதிரில் ஒரு நாற்காலி துடைத்துப் போட்டேன். பேராசிரியர் வருவார் என்று ஒரு நம்பிக்கை. ஐந்து மணி. செண்பகம் வந்தாள். கையில் இரண்டு டம்ளர் காபி. ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்! நல்ல சேலை வேறு கட்டியிருந்தாள். அவள் எப்போதும் சமையல்கட்டில் நின்றுகொண்டே குடிக்கிறவள் சார், இருபத்து நாலு வருஷமாக. “வந்துட்டேன்” என்றாள். எங்கிருந்து வந்தாள்? சமையல்கட்டு பத்தடி. நான், “கொஞ்சம் தள்ளிப் போயி உக்காரேன், ஒருத்தர் வாராரு, நாற்காலி வேணும்” என்றேன்.

எழுந்து போய்விட்டாள். டம்ளரைத் தொட்டிப் பக்கம் வைத்த சத்தம் கேட்டது.

ஆறரை வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

வாசுதேவநல்லூரா இது? இன்னும் நேரம் இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் அரசாங்கம் என்னைப் படிக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக்கு வால்வு திறந்துவிடுகிறவர் கோமதிநாயகம். ஒரு நாள் காலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார், கையில் அந்த நீளத் திருப்புசாவி. தண்ணீர் ஆபீஸில் இருக்கிற இன்ஜினியர் மேடம் தினமும் எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டோம் என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பவேண்டுமாம். கோமதிநாயகம் நோட்டே எழுதினதில்லை. மேடம் தேடிப் பார்த்திருக்கிறார். மூன்று மாதக் கணக்கு நிமிஷச் சுத்தமாக உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. ‘உப்பு நீக்கிய சொற்க’ளில். அப்படியே எடுத்து அனுப்பிவிட்டார். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்துவிட்டது. அதோடு ஓர் உத்தரவும்: இனிமேல் பதிவில் என்ன நேரம் இருக்கிறதோ அந்த நேரத்துக்கே தண்ணீர் விடவேண்டும், ஒரு நிமிஷம் பிசகக்கூடாது.

“இப்பம் நீங்க சொல்லுங்க சார், நாளைக்கு எப்பம் தொறக்க?” என்றார் கோமதிநாயகம்.

“நீங்க தொறந்தாத்தானே நான் எழுத முடியும்?”

“நீங்க எழுதினாத்தானே சார் நான் தொறக்க முடியும்?”

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். நல்ல ஆழமான கணம் சார் அது. கோழி முதலா முட்டை முதலா என்று ஒரு பதிவு எழுதலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து செண்பகம், “ஆறு பத்துன்னு எழுதச் சொல்லுங்க. அதுக்குள்ள எல்லா வீட்லயும் எந்திரிச்சிருப்பாக, ஸ்கூல் வேனும் ஏழு மணிக்குத்தான்” என்றாள். கோமதிநாயகம், “சரிக்கா” என்று சைக்கிளை எடுத்துவிட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அன்றிலிருந்து முந்தின நாள் சாயங்காலமே பதிவு. ‘நாளை காலை 6.10. தண்ணீர் வரும்.’ வரும் சார்! நான் எழுதுவேன், ஆறு பத்துக்கு நானூறு வீட்டிலும் குழாய் சீறும். சொல்லின் வலிமை என்று புத்தகத்தில் படிக்கிறோமே, நான் வாளியில் பார்த்தேன். தினமும் ஒரே நேரம் இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்தரை, எல்லோரும் வீடு கழுவுவார்கள். மூன்றாம் தெருவில் சடங்கு வைத்தால் ஒரு மணி நேரம் கூட்டி. பரீட்சை நாள் என்றால் சீக்கிரம். இதெல்லாம் செண்பகம் சும்மா சொல்லிக்கொண்டிருப்பாள், குழாயடியில் பெண்கள் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது. நான் அதையெல்லாம் கவனித்து, மனசில் ஊறப்போட்டு, என் உள்ளுணர்வின்படி ஒரு நேரத்தை எழுதுவேன். பெரும்பாலும் அவள் சொன்ன நேரமாகவே அமைந்துவிடும்.

போன புதன்கிழமை நூற்றுப் பன்னிரண்டாவது பதிவு. ‘வாசகன் எங்கே?’ என்று தலைப்பு. மனசு பாரமாக இருந்த நாள். பத்தாவது பத்தியில் எழுதினேன்: ‘ஊரே என்னைப் படிக்கிறது. ஆனால் என் சொந்தக் கூரைக்குக் கீழே என் ஒரு சொல்லைப் படித்தவர் ஒருவரும் இல்லை.’ நன்றாக அமைந்த வாக்கியம். எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. செண்பகம் பையோடு நிற்கிறாள்.

“ராஜபாளையத்துல ஆவுடை அக்காவுக்கு முட்டுவலியாம். நான் போய் இருந்துட்டு வாரேன்.”

“எப்ப வருவே?”

“வலி போனதும்.”

பாருங்கள் சார், எப்படிப்பட்ட நேரத்தில் முட்டுவலி வருகிறது. நான் அவ்வளவு வேதனைப்பட்டு எழுதின மறுநாள்! இவள் போன பிறகு நான் ஆவுடை அக்காவுக்குப் போன் போட்டு, “முட்டு எப்படியிருக்கு மதினி?” என்று விசாரித்தேன். “எனக்கென்ன முட்டுவலி? நேத்துகூட மலை ஏறி சாமி கும்பிட்டுட்டு வந்தேன்” என்றார்கள். அவ்வளவு சீக்கிரம் குணமாகிவிட்டது. ஆனால் குணமான பிறகும் செண்பகம் வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அவள் போன சாயங்காலம் நேரம் எழுதவேண்டும். யோசித்தேன். என் மனசு எப்போது தெளிவாக இருக்கும்? பதினொன்றே முக்கால். எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். திறந்து கிடந்த குழாய் எல்லாம் ஓடித் தெருவே ஆறாகிவிட்டது. ஜெபக்கனி டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு முட்டளவு தண்ணீரில் நடந்து வந்து, “தம்பி, உமக்கு மூளை கீளை இருக்கா?” என்றார். விமரிசனம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளைக்கு அதிகாலை மூன்றே கால் என்று போட்டேன். எல்லோரும் தூங்கும்போதே வந்து போய்விட்டது. சரி, நேரம் குறிப்பதுதானே பிரச்சினை என்று, சனிக்கிழமை சாயங்காலம் ‘உரிய நேரத்தில் தண்ணீர் வரும்’ என்று எழுதினேன். அழகான வாக்கியம் இல்லையா? கோமதிநாயகம் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

“உரிய நேரம்னா எத்தனை மணி சார்?”

“அது நம்ம மனசுக்குத் தெரியும், கோமதிநாயகம்.”

“என் மனசுக்குத் தெரியும் சார், மேடம் ரிப்போர்ட்டுக்குத் தெரியாதே. அக்கா எப்ப வருவாக?”

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு ரோஷம் வந்தது. நான் என்ன தண்ணீர் டேங்க்கா? இலக்கியவாதி. முதல் வரியையே எடுத்துவிட்டு நேராக விஷயத்துக்குப் போனேன். ‘வெறுமை’ என்று தலைப்பு. இருபத்திரண்டு பத்தி. என் வாழ்க்கையிலேயே சிறந்த பதிவு அது. திங்கள், செவ்வாய், ஒரு சொட்டு வரவில்லை.

நேற்று மத்தியானம் வாசலில் ஒரே கூட்டம். முப்பது நாற்பது பெண்கள், எல்லோர் இடுப்பிலும் காலிக் குடம். என் வாசகர்களை முதல் தடவையாக மொத்தமாகப் பார்க்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ‘வெறுமை’யைப் படித்துவிட்டுக் காலிக் குடத்தோடு வந்திருக்கிறார்கள், என்ன ஒரு குறியீடு! “வாங்க, வாங்க, எந்தப் பத்தி பிடிச்சிருந்தது?” என்றேன்.

“அக்கா எங்க?” என்றார்கள்.

“அக்கா ஊருக்குப் போயிருக்கா. நான் இருக்கேனே.”

“நீங்க இருந்து என்னண்ணே செய்ய? அக்காவைக் கூட்டிட்டு வாங்க.”

என் வீட்டுக்காரியைப் பற்றி எவ்வளவு அக்கறை பாருங்கள். நான் எழுதியதைப் படித்து, நான் தனியாக இருப்பதைப் புரிந்துகொண்டு, தங்கள் தாகத்தைக்கூடப் பெரிதாக நினைக்காமல்... அப்புறமும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார்கள். போனை அணைத்துப் பையில் போட்டேன். விடிந்தும் விடியாமல் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

என்ன சார், பதிவைக் காட்டவா? தாராளமாக. இருங்கள், போனைப் போடுகிறேன். ‘வெறுமை’யை முழுக்கப் படியுங்கள், இறங்குகிற வரைக்கும் சரியாக இருக்கும்.

இதோ, வந்ததும் வராததுமாக டீச்சர்தான் கூப்பிடுகிறார். ஒரு நிமிஷம்.

சொல்லுங்க டீச்சர். ... என்னது? ... தண்ணி வந்துட்டா? எப்ப? ... ஆறு பத்துக்கா? ... நான் ஒண்ணும் எழுதலையே. ... முழுசாப் படிச்சீங்களா? ... ரொம்ப நல்லா இருந்துச்சா? ... சரி. சரி டீச்சர்.

தண்ணீர் வந்துவிட்டதாம் சார். எல்லா வீட்டிலும். டீச்சர் சொல்கிறார், ‘இதுவரைக்கும் எழுதினதுலயே இதுதான் தம்பி நல்லா இருக்கு, முதல் தடவையா கடைசி வரைக்கும் படிச்சேன்’ என்று. நான் எழுதவே இல்லை என்கிறேன்!

இருங்கள், பார்க்கிறேன். திறக்க நேரமாகிறது, இந்த இடத்தில் டவர் கிடையாது. ஆ, வந்துவிட்டது. நூற்றுப் பதினெட்டு. நேற்றுச் சாயங்காலம் ஏழரைக்குப் போட்டிருக்கிறது. தலைப்பு இல்லை. இரண்டே வரி. கண்ணாடி... இதோ.

‘நாளை காலை 6.10. தண்ணீர் வரும்.

காபிக்கு வந்தேன். நாற்காலி இல்லை என்றார்கள்.’

இது செண்பகம் சார். கணக்கு அவள் பேரில்தானே இருக்கிறது, அவள்தான் போட்டிருக்க முடியும். நல்லவேளை, தண்ணீர் விட வைத்துவிட்டாள். கெட்டிக்காரி. ஆனால் இது என்ன இரண்டாவது வரி? நாற்காலி என்கிறாள்.

காபி விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்?

அது கடைசிப் பத்தியில் அல்லவா இருந்தது. கடைசிப் பத்தியில், கடைசி வாக்கியம். நான் வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை. டீச்சர் சொல்லியிருப்பாரா? டீச்சர் முதல் வரியைத் தாண்டமாட்டார் என்று இப்போது அவரே சொல்லிவிட்டார். கோமதிநாயகம்? அவருக்கு வேண்டியது நேரம். மேடம் அதை வெட்டி ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டு மூடிவிடுவார். அப்படியானால் முந்நூறு பேரும் அந்த நான்கு விநாடிதான். மிச்சம் இருப்பது யார்? மிச்சம் இருப்பது பேராசிரியர். மத்தியானம் இரண்டரை மணி. சாப்பிட்டுவிட்டு. பதினெட்டு நிமிஷம்...

சத்தமே வைக்கலையே என்பாள் சார்.

ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? எப்போது? இரண்டரை மணி என்று நான் சொன்னபோதே இருமினீர்களே, அப்போதேவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நானும் ஸ்டாண்டிலிருந்து பேசிக்கொண்டே வருகிறேன்.

நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள் சார். பத்தடியிலிருந்து.

ராஜபாளையம் வந்துவிட்டது. நீங்கள் முதலில் இறங்குங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எழுதினவர் நீங்கள் என்பதால்... இல்லை, எழுதப்போகிறவர் என்பதால். உள்ளே போனதும் என்ன சொல்லி ஆரம்பிப்பது? எனக்கு நேரத்தையும் தண்ணீரையும் தவிர வேறு முதல் வரி வராது. ... சரி, எப்படியோ ஆரம்பிக்கிறேன். அவள் முதல் வரியோடு எழுந்து போகிற ஆள் இல்லை.

ஆவுடை மதினி எப்படியும் காபி போடுவார்கள். அவர்கள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான். நான் நின்றுகொண்டே குடிக்கிறேன் சார்.